வெளியேற வழியில்லாத விருந்தாளி... உடம்பில் இரும்புச்சத்து அதிகமானால் இதயத்துக்கு என்ன ஆகும்?

இரும்புச்சத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பற்றாக்குறைதான். முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, ஸ்கூலில் கொடுக்கிற மாத்திரையைத் தூக்கிப் போடாதே... இப்படிக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். அதில் தப்பே இல்லை. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு!

இப்படிப்பட்ட ஊரில், மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'சீரம் ஃபெரிட்டின்' என்ற வரிக்கு எதிரே 480 என்று தடித்த எழுத்தில் இருந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். 'இரும்பு அதிகமா இருந்தா நல்லதுதானே' என்று சிலர் ஃபைலை மூடி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் இணையத்தில் தேடி, 'இரும்பு அதிகமானால் மாரடைப்பு வரும்' என்று எங்கோ படித்துவிட்டு, மறுநாளிலிருந்து வீட்டில் கீரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டுமே சரியில்லை. இரும்பு அதிகமாகி இதயம் கெட்டுப்போவது நிஜமாகவே நடக்கிறது. ஆனால், யாருக்கு நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கதவு உள்ளே வர மட்டும்தான்!

ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், ஒன்றிரண்டு சின்ன ஆணி அளவுதான். இதில் மூன்றில் இரண்டு பங்கு, ரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக வேலை பார்க்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து உடம்பெங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த இரும்புதான்.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். வயதான அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பைப் பத்திரமாக எடுத்து, புது அணுக்கள் தயாராகும் எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிவிடும். பழைய பித்தளையைப் போட்டுப் புதுக்குடம் வாங்குகிற மாதிரி. இப்படித் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு உள்ளுக்குள்ளேயே சுற்றிவருகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு புதிதாக எடுத்துக்கொள்வதோ, வெறும் 1 முதல் 2 மில்லிகிராம்தான்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? உப்பு அதிகமானால் சிறுநீரில் போய்விடும். தண்ணீர் அதிகமானாலும் அப்படியே. இரும்பை வெளியேற்ற மட்டும் நம் உடம்பில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. குடலின் உள்பக்கத் தோலும், மேல்தோலும் உதிரும்போது கொஞ்சம் போகும். ரத்தம் வெளியேறினால் போகும். பெண்களுக்கு மாதவிடாயில் போகும். அவ்வளவுதான். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அந்த விருந்தாளியை வெளியே அனுப்ப வழியில்லை.

அதனால், உடம்பு தன் மொத்தக் காவலையும் வாசலிலேயே வைத்திருக்கிறது. கையிருப்பு போதும் என்றானதும் கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது குடலில் இருக்கும் இரும்புக்கான கதவை மூடிவிடும். இருப்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறையும், கதவு திறக்கும். நூற்றாண்டுக் கணக்கில் இரும்பு டானிக் குடித்துக்கொண்டிருந்த மனிதர்களுக்கு, இந்த வாட்ச்மேனைப் பற்றித் தெரியவந்தது 2000-ம் ஆண்டையொட்டித்தான்.

உள்ளே வந்த இரும்பு தனியாக நடமாடவும் அனுமதி இல்லை. ரத்தத்தில் 'டிரான்ஸ்ஃபெரின்' என்ற புரதம் அதை பஸ் மாதிரி ஏற்றிச் செல்லும். தேவைக்குமேல் இருப்பதை 'ஃபெரிட்டின்' என்ற புரதம் தன் வயிற்றுக்குள் சேமித்து வைக்கும். நெற்குதிர் மாதிரி. ஒரு ஃபெரிட்டினுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இந்தக் குதிர்களிலிருந்து ரத்தத்தில் கசியும் சின்ன அளவைத்தான் ரிப்போர்ட்டில் எண்ணாகப் பார்க்கிறோம்.

பஸ்ஸில் இடம் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? இரும்பு படிக்கட்டில் தொங்க ஆரம்பிக்கும். எந்தப் புரதத்தோடும் சேராமல் ரத்தத்தில் அலையும் இந்த இரும்புதான் ஆபத்தானது. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் பொருள்களைக் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதை ஹென்றி ஃபென்டன் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் 1894-லேயே எழுதிவிட்டார். நம் ஒவ்வொரு செல்லிலும் அன்றாட வேலையின்போது ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதன் பக்கத்தில் இரும்பு போய் நின்றால், செல்லின் கொழுப்புச் சுவர், புரதம், மரபணு என்று கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகள் பிறக்கும்.

இதயம் இதில் ஏன் அடிபடுகிறது? இதயத் தசை ஓய்வே இல்லாமல் வேலை செய்வது. ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் உள்ளே வர அதன் செல்களில் வாசல்கள் உண்டு. அலைந்து திரியும் இரும்பு, கால்சியத்துக்காக வைத்திருக்கும் அந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். துடிப்பு தப்பும்; தசை விறைக்கும்; கடைசியில் விரிந்து தளர்ந்து, ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தியை இழக்கும்.

ஒரு பை ரத்தம், 200 மில்லிகிராம் இரும்பு

இது கண்கூடாக நடப்பது தலசீமியா மேஜர் நோயாளிகளிடம். அப்பா, அம்மா இருவருமே பாதிப்புள்ள ஜீனைச் சுமப்பவர்களாக இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அதே ஜீன் வந்துவிட்டால் தலசீமியா மேஜர் வரும். இந்தியாவில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த நோயோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். சரியான ஹீமோகுளோபினை இவர்களால் தயாரிக்க முடியாது. எனவே, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆயுள் முழுக்க.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆண்டுக்கு 20 பை ஏற்றினால் 4 கிராம். ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தமாக இருக்கும் இரும்பு, ஒரே வருடத்தில் கூடுதலாக உள்ளே போய்விடுகிறது. குடலில் வாட்ச்மேன் நின்று பிரயோஜனமில்லை. இது நேராக நரம்பு வழியாக வருகிறது. வெளியேறும் வழியோ யாருக்கும் இல்லை. உயிரைக் காப்பாற்றுகிற ரத்தமே கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

முதலில் கல்லீரல் நிரம்பும். பிறகு, ஹார்மோன் சுரப்பிகள். பருவ வயதில் உயரமாக வளராமல் போவது, பூப்படைதல் தள்ளிப்போவது, சர்க்கரைநோய் வருவது எல்லாம் இதனால்தான். கூடவே இதயமும் நிரம்பத் தொடங்கும். ரத்தம் ஏற்றுவது மட்டுமே சிகிச்சையாக இருந்த காலத்தில், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் பதின்ம வயதையோ, இருபதுகளின் தொடக்கத்தையோ தாண்டவில்லை. மரணத்துக்கு முக்கியக் காரணம், ரத்தக்குறைவு அல்ல. இதயச் செயலிழப்பு.

1960-களில் 'டெஸ்ஃபெரால்' மருந்து வந்தது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரியிலிருந்து எடுக்கப்பட்டது. இரும்பைக் கவ்விக்கொண்டு சிறுநீரிலும் மலத்திலும் வெளியே இழுத்துவரும். உடம்பு வைக்க மறந்த வாசலை மருந்து திறந்துகொடுத்தது என்று சொல்லலாம். ஆனால், விழுங்கினால் வேலை செய்யாது. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சின்ன பம்ப் மூலம் 8 முதல் 12 மணி நேரம் சொட்டுச்சொட்டாகச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாமல். ஆறு வயதுக் குழந்தைக்குத் தினமும் ராத்திரி தூங்குவதற்கு முன்னால் ஊசி போட வேண்டிய அம்மாவை நினைத்துப்பாருங்கள். டீன் ஏஜ் வந்ததும் 'போதும்மா' என்று பலர் ஊசியை மறுத்தார்கள். சரியாக அந்த வயதில்தான் இதயம் பழிவாங்கியது. 2000-ல் பிரிட்டனில் வெளியான ஒரு கணக்கெடுப்பு, இவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே தலசீமியா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 35 வயதுக்குள் இறந்துவிடுவதைச் சொன்னது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இதயத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஃபெரிட்டின் ஓர் எண்ணைச் சொல்லும். கல்லீரலில் ஊசி போட்டுச் சின்னத் துண்டை எடுத்துப் பார்க்கலாம். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகவே துடிப்பதாகத் தெரியும். அதே நோயாளி சில மாதங்களில் மூச்சுவாங்கிக்கொண்டு ஐ.சி.யூ-வில் கிடப்பார். 2001-ல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனைக் குழு இதற்கு ஒரு வழியைச் சொன்னது. இரும்பு காந்தத்துக்கு மசிகிற உலோகம். எம்.ஆர்.ஐ-யோ காந்தத்தால் இயங்குவது. அப்படியானால், இரும்பு அதிகமுள்ள இதயத்தின் படம் சீக்கிரம் மங்கிப்போக வேண்டும் அல்லவா? எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை மில்லிசெகண்டில் அளந்தார்கள். 'டி2 ஸ்டார்' என்று இதற்குப் பெயர். 20-க்கு மேல் இருந்தால் நல்லது. 20-க்குக் கீழே போனால் இதயத்தில் இரும்பு சேர்கிறது என்று அர்த்தம். 10-க்குக் கீழே என்றால், உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து.

அந்த ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம் எல்லோரையும் உலுக்கியது. கல்லீரலில் உள்ள இரும்புக்கும் இதயத்தில் உள்ள இரும்புக்கும் நேரடித் தொடர்பே இல்லை. கல்லீரல் சுத்தமாக இருக்கும் நோயாளியின் இதயம் நிரம்பி வழியலாம். ஃபெரிட்டின் குறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்கள்கூடத் தப்பவில்லை என்பதற்கான விளக்கம் அப்போதுதான் கிடைத்தது.

மருந்துகளும் மாறின. வாயால் சாப்பிடும் 'டிஃபெரிப்ரோன்' கண்டுபிடிக்கப்பட்டது லண்டனில். ஆனால், அதை முதன்முதலில் விற்க அனுமதித்த நாடு இந்தியா, 1990-களின் நடுவில். அமெரிக்கா அனுமதித்தது 2011-ல்தான். இதயத்துக்குள் சிக்கிய இரும்பை இழுப்பதில் இது கெட்டி. ஆனால், சிலருக்கு ரத்த வெள்ளையணுக்கள் திடீரெனச் சரிந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே சாப்பிட வேண்டும். 2005-ல் தினம் ஒருமுறை சாப்பிடும் 'டிஃபெராசிராக்ஸ்' மாத்திரை வந்தது. எம்.ஆர்.ஐ அளவும் மாத்திரைகளும் கைகோத்த பிறகு, பிரிட்டனில் இரும்பால் நிகழும் தலசீமியா மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆரம்பத்திலேயே பிடித்துத் தீவிரமாக மருந்து கொடுத்தால், தளர்ந்துபோன இதயம் மீண்டும் பழைய நிலைக்கே திரும்பவும் முடியும். இதயச் செயலிழப்பில் இப்படித் திரும்பிவரும் வகை அபூர்வம். ஆனால், பொறுமை வேண்டும். கல்லீரலிலிருந்து மாதங்களில் போகும் இரும்பு, இதயத்திலிருந்து போக வருடங்கள்கூட ஆகும்.

நோயையே அகற்ற எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது. தலசீமியாவுக்கு இந்தியாவில் அதை முதலில் செய்தது நம் வேலூர் சி.எம்.சி மருத்துவமனை, 1986-ல்.

ரத்தம் எடுப்பதே வைத்தியம்

ரத்தமே ஏற்றாமல் இரும்பு நிரம்புகிறவர்களும் உண்டு. 1865-ல் பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ, சர்க்கரைநோயோடு தோல் வெண்கல நிறத்துக்கு மாறிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1889-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரெக்லிங்ஹவுசன் இதற்கு 'ஹீமோகுரோமட்டோசிஸ்' என்று பெயர் வைத்தார். காரணமான ஜீன் பிடிபட்டது 1996-ல். வாட்ச்மேன் ஹெப்சிடின் போதுமான அளவு சுரக்காததால், குடலின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. வருடத்துக்குக் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போய், நாற்பது, ஐம்பது வயதில் மூட்டுவலி, அசதி, சர்க்கரை, கல்லீரல் சுருக்கம், இதயத் துடிப்புக் கோளாறு என்று தலைகாட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இயற்கையே கொஞ்சம் இறக்கிவைப்பதால் தாமதமாக வரும்.

இது வட ஐரோப்பிய வம்சாவளியினரின் நோய். அயர்லாந்தில் சுமார் 83 பேரில் ஒருவருக்கு இந்த ஜீன் மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. இந்தியர்களிடம் அதே மாற்றம் மிகமிக அபூர்வம். இதற்கு இன்றும் முதல் வைத்தியம், வாரம் ஒருமுறை சுமார் அரை லிட்டர் ரத்தத்தை எடுப்பதுதான். அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்த ஐரோப்பிய வைத்தியர்கள், இந்த நோய்க்குத் தெரியாமலேயே சரியான சிகிச்சை செய்திருக்கிறார்கள்!

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இந்த நோயாளிகளின் இதயத் தசை கெடுகிறது. ஆனால், வாழ்நாள் முழுக்க இரும்பில் ஊறிய அவர்களின் ரத்தக் குழாய்களில் அடைப்பு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. இரும்புதான் ரத்தக் குழாயை அடைக்கிறது என்றால், இவர்களுக்கு அல்லவா முதலில் அடைத்திருக்க வேண்டும்?

சாதாரண மாரடைப்புக்கும் இரும்பு காரணமா?

இணையத்தில் பயமுறுத்தும் கேள்வி இதுதான். இதன் ஆரம்பம் 1981. ஜெரோம் சல்லிவன் என்ற அமெரிக்க மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு; நின்ற பிறகு கூடுகிறது. இதற்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சல்லிவன், 'மாதாமாதம் இரும்பு வெளியேறுவதுதான் அவர்களைக் காப்பாற்றுகிறதோ?' என்று கேட்டார். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சினைப்பையை விட்டுவைத்த பெண்களுக்கும் இதயநோய் கூடியதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு கவனித்திருந்தது. ஹார்மோன் சுரப்பு தொடர்கிறது. ரத்தப்போக்கு மட்டும்தான் நின்றது. அவர் வாதத்துக்கு அது வலு சேர்த்தது.

1992-ல் ஃபின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 1,931 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. ஃபெரிட்டின் 200-க்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 2.2 மடங்கு. உலகப் பத்திரிகைகளிலெல்லாம் தலைப்புச் செய்தி. அதே ஊரில் 1998-ல் வெளியான இன்னோர் ஆய்வு, ரத்ததானம் செய்கிற ஆண்களுக்கு மாரடைப்பு வெகு குறைவு என்றது. ஆனால், ரத்ததானம் செய்ய யாரை அனுமதிப்பார்கள்? ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவரைத்தானே! நன்மை தானத்தால் வந்ததா, ஆரோக்கியத்தால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம்.

நேரடியாகச் சோதித்துப் பார்த்தது, 2007-ல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வு. கால் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருந்த 1,277 பேர். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து இரும்பைக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மரணத்திலோ, மாரடைப்பிலோ, பக்கவாதத்திலோ சொல்லிக்கொள்கிற வித்தியாசம் வரவில்லை. வயது குறைந்த பிரிவினருக்கு மட்டும் பலன் தெரிந்தது. அதை வைத்து இன்றும் வாதம் நடக்கிறது.

மரபணு ஆய்வுகள் இன்னும் குழப்பின. பிறவியிலேயே கொஞ்சம் அதிக இரும்போடு இருக்கும் ஜீன் அமைப்பு உள்ளவர்களுக்கு இதய ரத்தக் குழாய் நோய் சற்றுக் குறைவாகவே வருகிறது என்றது 2017-ல் வந்த ஆய்வு. அடுத்த ஆண்டே அதே குழு, அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சற்று அதிகம் என்றது. குறிப்பாக, இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைக்கிற வகை.

எதிர்ப்பக்கம் இருந்தும் ஓர் அதிர்ச்சி. இதயச் செயலிழப்பு நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு இருப்பது இரும்பு அதிகம் அல்ல, பற்றாக்குறை! அவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றினால் மூச்சுவாங்கல் குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது என்பது 2009-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து தொடர்ந்து தெரிகிறது. இன்றைக்கு இதயநோய் வழிகாட்டி நெறிமுறைகளிலேயே அது இருக்கிறது.

அப்படியானால் இரும்பு குற்றவாளியா, இல்லையா? படித்த வரையில் எனக்குத் தோன்றுவது: உடம்பில் மொத்தம் எவ்வளவு இரும்பு என்பதைவிட, அது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. ரத்தக் குழாய் சுவரில் கொழுப்புப் படிவம் தடிக்கும்போது, அதற்குள் மெல்லிய புதுக் குழாய்கள் முளைத்து உடைந்து கசியும். அந்தச் சிவப்பணுக்களின் இரும்பை அங்கே இருக்கும் துப்புரவு செல்கள் விழுங்கித் திணறும். படிவம் வெடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹீமோகுரோமட்டோசிஸ் புதிருக்கும் இதிலேயே ஒரு விடை சொல்கிறார்கள். ஹெப்சிடின் இல்லாததால் அவர்களின் துப்புரவு செல்களில் மட்டும் இரும்பு தங்குவதே இல்லையாம். ரத்தப் பரிசோதனையில் வரும் ஃபெரிட்டின் எண் இதையெல்லாம் காட்டாது. மாரடைப்புக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை என்று நிரூபணமான நான்கு பேர் கண்முன் நிற்கும்போது, சந்தேகப் பட்டியலில் கடைசியில் இருப்பவரைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் அதிகமா?

கொரோனா காலத்தில் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது பார்த்தது இரும்பை அல்ல, உடம்பில் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்பதை. கிருமித்தொற்று, மூட்டுவாதம், கல்லீரல் கொழுப்பு, கட்டுப்படாத சர்க்கரை, மது... இவற்றில் எது இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். நம் ஊரில் 300, 400 என்று வருகிற ஆண்களில் பெரும்பாலானோரிடம் மருத்துவர் முதலில் தேடுவது கல்லீரல் கொழுப்பைத்தான். தொப்பை குறைந்தால் அந்த எண்ணும் இறங்குவதைப் பார்க்கலாம்.

நிஜமாகவே இரும்புதான் அதிகமா என்று தெரிய, கூடவே 'டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்' பார்க்க வேண்டும். பஸ்ஸில் எத்தனை சதவிகித சீட் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டெஸ்ட். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. 45 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு வழிவதற்கான வாய்ப்பு குறைவு. மறுபடி மறுபடி அதற்கு மேலேயே வந்தாலோ, ஃபெரிட்டின் 1,000-ஐத் தாண்டினாலோ ரத்தநோய் அல்லது கல்லீரல் நிபுணரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

கீரையை நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதே கொஞ்சம்தான். வாட்ச்மேன் நன்றாக இருக்கும்வரை கீரையாலோ, இரும்புக் கடாயாலோ யாருக்கும் இரும்பு வழியாது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, ஈரலில் இருக்கும் ஹீம் வகை இரும்பு சுலபமாக உள்ளே போகும். அதை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோய் கூடுவதாக உணவு ஆய்வுகள் சொல்கின்றன. அதில் இரும்பின் பங்கு எவ்வளவு, கூடவே போகும் கொழுப்பின் பங்கு எவ்வளவு என்பது தனி விவாதம்.

கர்ப்பிணிகளும், பள்ளி மாணவிகளும் அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு ஆபத்து பற்றாக்குறையில்தான். ஆனால், ரத்தசோகையே இல்லாத ஆண்கள் 'தெம்புக்கு' என்று வருடக்கணக்கில் இரும்பு கலந்த மல்ட்டி வைட்டமின் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரையையும் டானிக்கையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சாக்லேட் என்று நினைத்து நிறைய விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ரத்ததானம் செய்ய நினைத்தால் தாராளமாகச் செய்யலாம். இந்தியாவில் ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு மாதம். ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். மாரடைப்பைத் தடுக்கும் மருந்தாக அதை நினைக்க வேண்டாம். உங்களிடமிருந்து போகும் பை, ஏதோ ஒரு தலசீமியா குழந்தையின் அடுத்த மூன்று வாரமாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று, இது பல குடும்பங்களில் நடப்பது. ஹீமோகுளோபின் 10, 10.5 என்று வருடக்கணக்கில் நிற்கும். எத்தனை டானிக் குடித்தாலும் ஏறாது. ரத்த ரிப்போர்ட்டில் 'எம்.சி.வி', அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, மட்டும் மிகக் குறைவாக இருக்கும். ஃபெரிட்டினோ நார்மல். இவர்களில் சிலர் தலசீமியா ஜீனைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு நோய் கிடையாது, இரும்பும் தேவையில்லை. 'ஹெச்பி ஏ2' அளவைப் பார்க்கும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். வழக்கமாக வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். கல்யாணம் பேசும் வீடுகளில், இருவரில் ஒருவருக்கு இது இருப்பது தெரிந்தால் மற்றவருக்கும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் குழந்தைக்கு நோய் வராது. இருவருக்குமே இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு தலசீமியா மேஜருக்கு. அதற்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள்.